உப்புத் தண்ணீரும் குளியல் சோப்பும்

சோப்புக் கட்டி தேய்க்கத் தேய்க்கக் கரையும் என்பது பாதி உண்மைதான். மீதியைத் தண்ணீரிலுள்ள உப்பும் பெட்டியில் தேங்கும் ஈரமும் எடுத்துக்கொள்கின்றன. திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையிலுள்ள வீரபாண்டி போன்ற, போர் தண்ணீரை நம்பியிருக்கும் பகுதிகளில் உப்பு எடுக்கும் பங்கு பெரியது.

தண்ணீர் தின்னும் சோப்பு

போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். சோப்பு இவற்றோடு சேர்ந்தால் நுரைக்காது. வெண்மையாகத் திரிந்து படியும். வாளியின் உட்புறத்தை நகத்தால் சுரண்டினால் பிசுபிசுவென்று வருவது அதுதான். வெள்ளைப் பனியன் நாளடைவில் பழுப்பேறி மொடமொடப்பாவதற்கும் இந்தப் படிவு ஒரு காரணம்.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் (ஐ.எஸ். 10500) இந்த உப்புகளால் வரும் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. அந்த 600 அளவுள்ள தண்ணீரை 10 லிட்டர் வாளியில் பிடித்தால், அதிலுள்ள உப்பு முழுவதையும் முறிக்கவே ஏறக்குறைய 36 கிராம் சோப்பு செலவாகும். அழுக்கெடுக்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். குளிக்கும்போது வாளித் தண்ணீர் முழுவதிலும் சோப்பைக் கரைப்பதில்லை என்பதால் இழப்பு அவ்வளவு இருக்காது. சோப்புத் தண்ணீரில் துணி ஊறவைக்கும்போது முழு நஷ்டம்.

சாயப்பட்டறைகளுக்கு இது பழைய பாடம். ரியாக்டிவ் சாயம் ஏற்றிய துணியில் பிடிக்காமல் தங்கிய சாயத்தைக் கொதிநீரில் 'சோப்பிங்' செய்து எடுப்பார்கள். தண்ணீர் கடினமாக இருந்தால் நிறம் திட்டுத்திட்டாகும் என்பதால், உப்பு நீக்கிய தண்ணீரையே இயந்திரத்துக்குள் விடுகிறார்கள். கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு வரும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரிலிருந்து மீட்ட தண்ணீரைப் பட்டறைகளுக்கே திருப்பித் தருகின்றன. துணிக்குக் கிடைக்கும் அந்த மென்னீர், வேலை முடிந்து லைன் வீட்டுக்குத் திரும்பும் தொழிலாளியின் வாளிக்குக் கிடைப்பதில்லை.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. மேலே சொன்ன வாளிக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவை முதலில் கரைத்துவிட்டால், 36 கிராம் சோப்பு செய்ய வேண்டிய வேலையை அது முடித்துவிடும். ஆனால் சோடா காரமானது: பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது, குளிக்கும் தண்ணீரில் சேர்க்கவே கூடாது. குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் நாளை வெள்ளைத் துணிக்கும் தலைக் குளியலுக்கும் ஒதுக்கலாம்.

உறையில் பார்க்க வேண்டியது

மணமும் விளம்பரமும் சொல்லாததை உறையின் பின்புறம் சொல்லும். அங்கே 'டி.எஃப்.எம்.' என்று அச்சிட்டிருப்பது மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. ஐ.எஸ். 2888 தரநிர்ணயப்படி டாய்லெட் சோப்பில் முதல் கிரேடுக்குக் குறைந்தது 76 சதவீதமும், இரண்டாவதுக்கு 70-ம், மூன்றாவதுக்கு 60-ம் இருக்க வேண்டும். 'பேதிங் பார்' என்று போட்டிருந்தால் 40 சதவீதம் இருந்தாலே போதும். கொழுப்புப் பொருள் கூடிய கட்டி பொதுவாகச் சீக்கிரம் கொழகொழப்பதில்லை. அதற்காகப் பேதிங் பாரை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டியதில்லை; சிலவற்றில் சேர்க்கும் செயற்கை நுரைப்பொருள் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். கண்ணாடிபோல் தெரியும் கிளிசரின் சோப்பு வறண்ட சருமத்துக்கு இதமானது, ஆனால் ஈரத்தை இழுத்து வேகமாகக் கரையும்.

விலையை ஒப்பிடும்போது எடையையும் பார்க்க வேண்டும். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு கட்டிகளில் ஒன்று 100 கிராமாகவும் மற்றது 75 கிராமாகவும் இருக்கலாம்.

ஈரத்திலிருந்து காப்பது

அடியில் ஓட்டையில்லாத பெட்டிதான் சோப்புக்கு முதல் எதிரி. தேங்கிய தண்ணீரில் ஊறிய அடிப்பகுதி, அடுத்த முறை கையில் எடுத்ததும் குழைந்து வழிந்துவிடும். ஓட்டையுள்ள பெட்டியில், இல்லையென்றால் பீர்க்கங்காய் நார்த் துண்டு ஒன்றின் மேல், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வைத்தால் காய்ந்துவிடும். புதுக் கட்டியை இரண்டாக நறுக்கிப் பாதியை மட்டும் குளியலறையில் வைப்பதும் பலன் தரும். தேய்ந்த சில்லை ஈரமான புதுக் கட்டியின் மேல் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

கட்டியை நேரடியாக உடம்பில் இழுப்பதைவிட, நாரிலோ துண்டிலோ நுரை எழுப்பித் தேய்த்தால் செலவு குறையும்.

தோலும் சோப்பும்

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 5-ஐ ஒட்டியிருக்கும். சாதாரண சோப்பின் அளவு 9 முதல் 10 வரை. ஒரே நாளில் பலமுறை சோப்பு போட்டால் தோல் வறண்டு அரிக்கும். உப்புத் தண்ணீரின் படிவும் சேர்ந்தால் இன்னும் மோசம். துணி சோப்பைக் குளிக்கப் பயன்படுத்தக் கூடாது.

கையில் ஏறிய சாயத்தையும் மெஷின் எண்ணெயையும் பிளீச்சிங் திரவத்தாலோ மண்ணெண்ணெயாலோ தேய்த்து எடுப்பது தோலைப் புண்ணாக்கும். எண்ணெய்க் கறைக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்த பிறகு சோப்பு போட்டால் போதும். சாயம் சில நாளில் தானே மங்கிவிடும். வேலையின்போது கையுறை போடுவதே சரியான வழி. வெடிப்பும் அரிப்பும் ஆறாமல் நீடித்தால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

'கிருமிநாசினி' என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்கள் சாதாரண சோப்பைவிடக் கூடுதல் பலன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, அவை சேர்ந்த பொதுப் பயன்பாட்டுக் கழுவுபொருள்களை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல் தடை செய்தது. நுரை வரத் தேய்த்து, குறைந்தது 20 விநாடி கழுவுவதே கிருமியை நீக்கும்.

தலைக்குச் சோப்புக்குப் பதில் கொங்கு நாட்டு வழக்கமான அரப்பு நல்லது. உசிலை இலையை உலர்த்திப் பொடித்த இதிலுள்ள சப்போனின், சோப்பைப் போல உப்போடு சேர்ந்து திரிவதில்லை; போர் தண்ணீரிலும் அழுக்கை எடுக்கும். கண்ணில் பட்டால் மட்டும் கடுமையாக எரியும்.