ஏக்கர் 1 ரூபாய்! ஊட்டி பிறந்த கதை

கோடை விடுமுறை வந்தால் ஊட்டிக்குக் கிளம்புகிறோம். ஏரியில் படகு விடுகிறோம். தைல வாசனையை முகர்கிறோம். திரும்பும்போது கேரட்டும் தேயிலைத் தூளும் வாங்கி வருகிறோம்.

இவற்றில் ஒன்றுகூட ஊட்டியின் சொந்தச் சரக்கு அல்ல. எல்லாம் ஏறக்குறைய 200 ஆண்டுகளில் வந்து சேர்ந்தவை!

கல் பங்களா

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், 1819-ம் ஆண்டு நீலகிரி மலை மீது ஏறினார். சீமையைப் போலக் குளிர் அடித்தது. 1822-ல் அங்கே கல்லால் வீடு கட்டத் தொடங்கினார். அதுதான் "கல் பங்களா". இப்போது அரசு கலைக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது.

நிலம் யாருடையது? எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்களுடையது. ஏக்கர் 1 ரூபாய் என்று சல்லிவன் அவர்களிடம் வாங்கினாராம். இன்று அந்த ஊரில் 1 ரூபாய்க்கு ஒரு டம்ளர் டீ கிடைக்குமா!

ஆனாலும் சல்லிவன் நியாயம் தெரிந்தவர். "இந்த மலை தோடர்களுக்கே சொந்தம்" என்று மேலிடத்தில் வாதாடியவரும் அவர்தான். அது எடுபடவில்லை. அவருடைய மனைவியும் மகளும் புனித ஸ்டீபன் ஆலயக் கல்லறையில் உறங்குகிறார்கள்.

ஏரி வந்தது, மரம் வந்தது

ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கியவரும் சல்லிவனே. அன்றைய ஏரி மிகப் பெரியது. பஸ் நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் இடம்கூட அப்போது தண்ணீர்தான்!

தைலம் தரும் கற்பூர மரம் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது. விறகுக்காக நட்டார்கள். அது மலை முழுவதும் பரவிவிட்டது. 1908-ல் பல் சக்கர ரெயில் ஊட்டியைத் தொட்டது. பிறகு கார் வந்தது, கூட்டம் வந்தது. கூட்டம் தாங்காமல், சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந் தேதி முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையும் வந்தது.

புல்லின் மகிமை

அப்படியானால் ஊட்டியின் சொந்தச் சொத்து எது? புல்!

மேட்டில் புல்வெளி. பள்ளத்தில் சோலைக்காடு. மழைத் தண்ணீரை இவை பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெயில் காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடும். அந்தத் தண்ணீர் மாயாற்றில் சேர்ந்து பவானிசாகர் அணைக்குப் போகிறது. கோபிசெட்டிபாளையத்தில் நெல் விளைவதற்கும் இந்தப் புல்லுக்கும் சம்பந்தம் உண்டு!

அந்தப் புல்வெளியில் பெரும் பகுதி போய்விட்டது. அங்கெல்லாம் இன்று கற்பூர மரமும், தேயிலையும், காய்கறித் தோட்டமும் நிற்கின்றன. தோடர்களின் எருமைக்கு மேய்ச்சல் குறைந்துவிட்டது. தோடர்களும் ஏறக்குறைய 2 ஆயிரம் பேர்தான்.

அடுத்த முறை தாவரவியல் பூங்காவுக்குப் போனால், பூக்களோடு திரும்பிவிடாதீர்கள். மேட்டில் தோடர்களின் மந்து ஒன்று இருக்கிறது. வில் போல வளைந்த கூரை. வாசலோ மிகச் சிறியது. தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். கோவிலைத் தள்ளி நின்று பாருங்கள். அதற்குள் வெளியாருக்கு அனுமதி இல்லை.