வீட்டுக்காரிக்கும் ஒரு டிக்கட்

மே மாதம் பிறந்துவிட்டால் முன்பெல்லாம் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வு இருக்காது. “இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிள்ளைகளுக்கு லீவு விட்டாயிற்று. பத்து நாள் கண்டிக்கு வரட்டுமா?” என்று காயல்பட்டினத்திலிருந்து கேட்பார்கள். கேட்பது மரியாதைக்குத்தான். வர வேண்டாம் என்று சொல்லும் நாக்கு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

என் கணவரின் மூத்த வாப்பா காயல்பட்டினத்திலிருந்து வந்து கண்டியில் கடை போட்டவர்கள். அந்தக் காலத்தில் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1984-இல் அதுவும் நின்றுபோயிற்று. பிறகு விமானம் ஏறி வந்தார்கள். கடை கைமாறிவிட்டது, மூத்த வாப்பாவும் மவுத்தாகிவிட்டார்கள். உறவு மட்டும் அறுந்துபோகாமல் இருந்ததென்றால் அது இந்தக் கோடை வருகையால்தான்.

அதற்கும் ஒரு நீண்ட இடைவெளி விழுந்தது. 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிய வன்செயலில் நம்மவர்களின் வீடும் கடையும் பள்ளியும் எரிந்தபோது, “இந்த வருஷம் வேண்டாம்” என்று நாங்களே சொன்னோம். மறு வருஷம் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. அதன் பிறகு இரண்டு வருஷம் கொரோனா. 2022-இல் எரிபொருளுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அந்த ஏப்ரலில் ஒரு காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போயிற்று. காசு இருந்தாலும் சிலிண்டர் இல்லை. விறகடுப்பின் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போது, “இப்போது யாராவது வந்தால் என்ன செய்வது?” என்று நான் பயந்ததுண்டு. விருந்தாளியை ரஹ்மத் என்று சொல்லி வளர்ந்த எனக்கு அப்படியொரு எண்ணம் வந்ததே வெட்கமாக இருந்தது.

2024 மே மாதத்தில்தான் மறுபடியும் தொலைபேசி அடித்தது. கணவரின் சாச்சா மகன், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே சாச்சி. ஐந்து பேர், பத்து நாள்.

சகோதரிகளே, இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கட்டுகஸ்தோட்டைக்கு மருமகளாக வந்து இருபத்தாறு வருஷம். எத்தனையோ விருந்தாளிகள் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டுக் கண்டியைச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களோடு ஒரு தடவைகூட நான் போனதில்லை. காலையில் இடியப்பமும் சொதியும் கொடுத்து வேனில் ஏற்றிவிட்டால், பகல் புரியாணிக்கு அரிசி களைய வேண்டும். அவர்கள் திரும்பி வருமுன் வட்டிலப்பம் ஆவியில் வெந்திருக்க வேண்டும். பேராதனைப் பூந்தோட்டத்தைக் கடைசியாக நான் பார்த்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில்.

வந்திறங்கிய அன்றிரவு சஹன் வைத்தோம். ஆறு பேர் சுற்றி உட்காரும் தட்டில் நெய்ச்சோறு, இறைச்சி, கோழி, அச்சாறு. காயல் பிள்ளைகளுக்குத் தட்டைவிடப் பேச்சுதான் வேடிக்கை. என் மகன் அவன் மூத்த சகோதரியைத் “தாத்தா” என்று கூப்பிட, அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் ஊரில் அது “லாத்தா”. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தாத்தா என்றால் தாடிவைத்த கிழவர்தானே!

மறுநாள் காலை பேராதனைக்குப் புறப்படும்போது சாச்சா மகனின் மனைவி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். “லாத்தா, நீங்க அபாயா மாத்தலியா?”

“எனக்கு வேலை இருக்கே மச்சி.”

“அப்ப நானும் வரல. ஆறு வருஷம் கழிச்சு உங்களைப் பார்க்க வந்தா, நீங்க அடுப்பைப் பார்த்துட்டு இருக்கீங்க. பூவைப் போட்டோவுலயே பார்த்துக்கலாம்.”

கோபத்தில் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். நான் மாமியைப் பார்த்தேன்.

மாமிக்கு எழுபத்துநாலு வயது. வந்தவர் வயிறு நிறையாமல் போனால் இரவு நித்திரை வராத மனுஷி. “அப்ப பகலைக்கு என்ன குடுக்கிற? வந்த மனிசருக்குப் பாணும் சம்பலுமா?” என்றார்கள். “சோத்துப் பார்சல் கட்டுவோம் மாமி” என்றேன். “கூலிக்குப் போறவங்களுக்கா கட்டுற?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்று பயணம் நடக்கவில்லை. புரியாணிதான் நடந்தது. மச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். மாமிக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அன்றிரவு கணவர்தான் பேசினார். விருந்தாளிக்குச் சிறப்பான உபசரிப்பு ஒரு பகல் ஓர் இரவு, விருந்து மூன்று நாள், அதற்குப் பிறகு கொடுப்பது ஸதகா என்று ரஸூல் (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. வீட்டுக்காரரைச் சங்கடத்தில் தள்ளுமளவுக்கு விருந்தாளி தங்கவும் கூடாது. இது மாமிக்குத் தெரியாததல்ல. எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் வானவர்களுக்குச் சுட்ட கன்றைக் கொண்டுவந்து வைத்ததை எல்லா பயானிலும் கேட்கிறோம். ஸூரா ஹூதில் அந்த இடத்தை ஓதினால், அவர்களுடைய மனைவியாரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள் என்று வரும். அவர்கள் சிரித்தார்கள். இஸ்ஹாக் (அலை) பற்றிய நன்மாராயமும் அவர்களுக்கே சொல்லப்பட்டது. விருந்தாளியின் பேச்சு காதில் விழும் தூரத்தில்தான் அந்த வீட்டுக்காரி இருந்திருக்கிறார்கள். இதைச் சொன்னேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. “காலையில வாழையில வெட்டி வெச்சிருக்கேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்கள்.

ஸுபுஹுக்குப் பிறகு சோறு வைத்து, பருப்பு, கோழிப் பொரியல், அவித்த முட்டை, மாசிச் சம்பல் என்று எட்டுப் பார்சல் கட்டினோம். இலையை நெருப்பில் வாட்டிக் கட்டினால் பகல்வரை கெடாது. பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்டீ. இரண்டு பெரிய போத்தலில் வுளூவுக்குத் தண்ணீர். ஒரு பாய். மறந்தது குடை ஒன்றைத்தான். கண்டியில் மே மாதத்துக் காலையை நம்பலாம், பின்நேரத்தை நம்ப முடியாது. ஏழு மணிக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்குள் வீடு திரும்புவது என்று வைத்துக்கொண்டால் மழைக்கும் தப்பலாம், வெயிலுக்கும் தப்பலாம்.

நகருக்குள் போய் நெரிசலில் சிக்காமல் மகாவலிக்கு இக்கரையால் கன்னொருவைப் பக்கமாகப் போனோம். 1638-இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை முறியடித்த இடம் அது. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால், 1626-இல், போர்த்துக்கேயர் கரையோரத்து முஸ்லிம்களை விரட்டியபோது அடைக்கலம் கொடுத்தவர் அவனுடைய தகப்பன் செனரத் மன்னன். பெரும்பாலோரைக் கிழக்கே குடியேற்றினான். கண்டி இராச்சியத்தில் நம்மவர்கள் பொதிமாட்டுத் தவளம் ஓட்டினார்கள், உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றிப் பாக்கை இறக்கினார்கள். மன்னருக்கு வைத்தியம் பார்த்த கோபால முதலியார் குடும்பமும் முஸ்லிம்கள்தான். கணவர் இதையெல்லாம் வேனில் சொல்லிக்கொண்டு வந்தார். “அப்ப நீங்களும் இங்க விருந்தாளியாத்தான் வந்தீங்களா?” என்று காயல் பையன் கேட்டான். அவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை.

பூந்தோட்ட வாசலில் ஒரு சோதனை. வெளிநாட்டவருக்கு டிக்கட் நம்மைவிடப் பல மடங்கு. “பார்க்க நம்ம ஆட்கள் மாதிரித்தானே, எட்டும் உள்ளூர் டிக்கட்டாக எடுத்துவிடு” என்று வேன் சாரதி யோசனை சொன்னார். ஐந்து பேருக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் ஆடத்தான் செய்தது. சாச்சி கைப்பையைத் திறந்தார்கள். “பொய் சொல்லிப் பூ பார்க்கவா?” அதோடு பேச்சு முடிந்தது. விருந்தாளியை அழைத்துப் போகும் சகோதரிகள் இந்தச் செலவையும், யார் கொடுப்பது என்பதையும் வீட்டிலேயே பேசிக்கொள்வது நல்லது. வாசலில் நின்று பேசினால் இரண்டு பக்கமும் சங்கடம்.

உள்ளே போனதும் நான் சிறு பிள்ளையாகிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். 1821-இல் அலெக்சாண்டர் மூன் என்ற வெள்ளைக்காரர் அமைத்த தோட்டம் இது. 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. ராணுவ அணிவகுப்புப் போல நிற்கும் பாக்கு இனத்து நெடுமரங்களின் சாலையில் பிள்ளைகள் ஓடிப்போய்ப் புள்ளியாகிவிட்டார்கள். சேஷெல்ஸ் தீவிலிருந்து வந்த இரட்டைத் தேங்காய் மரத்தின் கீழ் சாச்சி நெடுநேரம் நின்றார்கள். உலகத்திலேயே பெரிய விதை அதுதான், ஒரு காய் முற்ற ஆறேழு வருஷமாகும் என்று எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினோம். “நாங்க வராம இருந்த காலம்” என்றார்கள்.

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் பட்டத்துக்கு வருமுன் 1901-இல் மனைவியோடு வந்து நட்ட நாகலிங்க மரம் இன்னும் நிற்கிறது. பட்டப்பகலில் தலைகீழாகத் தொங்கிச் சண்டை பிடிக்கும் பழந்தின்னி வௌவால்களைப் பார்த்துச் சின்னவள் என் முந்தானைக்குள் ஒளிந்தாள். 1944-இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் போர்த் தலைமையகத்தை இந்தத் தோட்டத்தில்தான் வைத்திருந்தார் என்று கணவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஓர்கிட் வீட்டுக்குள் போய்விட்டோம்.

ளுஹருக்கு ஆண்கள் பள்ளிக்குப் போனார்கள். வெளியே போகும் பெண்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். பெண்கள் தொழ இடமுள்ள பள்ளி எது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பயணிகள்தானே, சுருக்கித் தொழலாமே என்று மச்சி கேட்டாள். நாலு நாளோ அதற்கு மேலோ தங்கும் எண்ணத்தோடு வந்து இறங்கியவருக்கு நம் ஷாபிஈ மத்ஹபில் கஸர் இல்லை என்று சாச்சி சொன்னார்கள். நாங்கள் ஆற்றோரத்து மரநிழலில் பாயை விரித்து முறைவைத்துத் தொழுதோம். பிறகு பார்சலைப் பிரித்தோம். வாட்டிய இலையின் வாசத்தோடு சோறும் மாசிச் சம்பலும் என்ன ருசி! சாச்சி இலையை வழித்துச் சாப்பிட்டார்கள். மழை ஒன்றரைக்கே வந்துவிட்டது. எட்டுப் பேரும் நனைந்துதான் வேன் ஏறினோம்.

நாலாம் நாளிலிருந்து அடுப்படியை மச்சி பாதி எடுத்துக்கொண்டாள். அவள் வைத்த காயல் களரிக் கறியை மாமி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வாயால் பாராட்டவில்லை. காலையில் இரண்டு பேர் வேலை செய்தால் எட்டு மணிக்குள் அடுப்பு அணைந்துவிடுகிறது. அந்த வாரம் நான் பார்த்தவை: உடவத்தகலை (அட்டைக் கடியோடு), பின்னவலை யானைகள் மா ஓயாவில் குளிப்பது, இரண்டு பின்நேரம் கண்டிக் குளக்கரை.

குளத்தைக் கட்டியவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1807-இல். அதற்கு முன் அது வயல். 1815-இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து வேலூருக்கு நாடு கடத்தினார்கள். 1832-இல் அங்கேயே செத்துப்போனான். “வேலூரா? எங்களுக்கு வேலூர்னா ஆஸ்பத்திரிதான் தெரியும்” என்றாள் மச்சி. சாச்சாவைக் கடைசியாகக் கொண்டுபோனதும் அங்கேதானாம். 2021-இல் அவர்கள் மவுத்தானபோது எங்களால் போக முடியவில்லை. கொரோனாக் காலம். தொலைபேசியில் அழுததோடு சரி. மூன்று வருஷம் கழித்து, குளத்துச் சுவரில் உட்கார்ந்து, அந்தக் கடைசி நாட்களை மச்சி முழுவதுமாகச் சொன்னாள். இருட்டும்வரை சொன்னாள். நான் அன்று வீட்டில் வட்டிலப்பம் வைத்துக்கொண்டிருந்தால் யாரிடம் சொல்லியிருப்பாள்?

எட்டாம் நாள் இரவு. மறுநாள் ஹந்தானைக்குப் போவதாக ஏற்பாடு. மாமி தஸ்பீஹை உருட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்கள்: “மகள், அங்க படி நெறைய ஈக்கா?”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“நான் இந்த வீட்டுக்கு வந்து அம்பத்தஞ்சி வருஷம். பேராதெனியத் தோட்டத்துக்குள்ள கால் வெக்கல்ல. ஒருத்தரும் கேக்கவுமில்ல, நான் சொல்லவுமில்ல.”

ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம் நாலு மாடி. 1925-இல் கட்டிய பழைய தொழிற்சாலை. 2001-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். லூல்கந்துரையில் 1867-இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும், அந்தக் காலத்து உருட்டு இயந்திரங்களும் இருக்கின்றன. மாமி ஒரு கையால் கைபிடியையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி ஏறினார்கள். முழங்காலுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். மேலே ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கண்டி முழுவதும் மலைகளுக்கு நடுவே கீழே கிடந்தது.

“எங்கட வீடு எந்தப் பக்கம்?” என்றார்கள். கட்டுகஸ்தோட்டைத் திசையைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு என் கையிலிருந்த பிளாஸ்கைப் பார்த்தார்கள்.

“அந்தத் தேத்தண்ணியில கொஞ்சம் ஊத்துங்க மகள். சீனி போட்டீங்களா, இல்லாட்டி அதுவும் அவசரத்துல மறந்துட்டீங்களா?”