கேட்கக் கூச்சமா? போன் எதுவரை உதவும்?

இரவு பதினொரு மணி. விடுதி அறையில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ஒரு மாணவன் தேடுகிறான்: "கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வருமா?" முதலில் வந்து நிற்பது ஒரு லேகிய விளம்பரம். 'இளமையில் செய்த தவறு' என்று மிரட்டிவிட்டு, ஆறு மாத மருந்துக்கு விலை சொல்கிறது. மருத்துவத்தின் பதில் ஒரே சொல்தான்: வராது. அதை யாரிடம் கேட்பது என்று தெரியாததால்தான் லேகியம் விற்கிறது.

இந்தக் கூச்சத்தைத் தாண்ட உதவுவதே டிஜிட்டல் நலக் கருவிகளின் முதல் வேலை. அரசும் இதில் இறங்கியிருக்கிறது. எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றிய சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண் 2014 முதல் இருக்கிறது. முகம் காட்டாமல் பேசலாம். வளரிளம் பருவத்தினருக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் 'சாத்தியா சலாஹ்' என்ற செயலியை வெளியிட்டது.

பெண்களிடம் அதிகம் புழங்குவது மாதவிடாய்ச் செயலி. அடுத்த மாதவிடாய்த் தேதியை உத்தேசமாகச் சொல்ல, தள்ளிப்போவதைக் கவனிக்க, மருத்துவரிடம் தேதிகளைக் காட்ட அது உதவும். ஆனால் 'பாதுகாப்பான நாள்' என்று அது காட்டுவதை நம்பிவிடக் கூடாது. கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்பு. சுழற்சி 28 நாளென்றால் 14-ஆம் நாள். 35 நாளென்றால் 21-ஆம் நாள். பூப்படைந்த முதல் சில ஆண்டுகளில் சுழற்சியே ஒழுங்காக இருக்காது. செயலி போடுவது பழைய தேதிகளின் சராசரிக் கணக்கு. அது கருத்தடை ஆகாது.

இன்னொரு சிக்கல், ரகசியம். 'ஃப்ளோ' என்ற மாதவிடாய்ச் செயலி, பயனர்களின் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2021-இல் குற்றம்சாட்டியது. இனி அனுமதி பெறாமல் பகிர்வதில்லை என்ற நிபந்தனையோடு விவகாரம் சமரசமானது.

எனவே எந்தச் செயலியையும் இறக்குமுன் மூன்றைப் பாருங்கள். நடத்துவது யார்? தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் ஏன் கேட்கிறது? பதில் சொல்லி முடித்ததும் மருந்து விற்கிறதா? விற்றால் அது கடை.

சில நேரங்களில் தேடிக்கொண்டிருக்கவே கூடாது. பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அது தேவையா என்று முடிவு செய்வது மருத்துவர். அவசரக் கருத்தடை மாத்திரையும் சீக்கிரம் போட்டால்தான் பலன். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடந்தால் 1098-ஐ அழையுங்கள்.

போன் வழி சொல்லும். ரத்தம் எடுத்துச் சோதிக்காது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 'நம்பிக்கை மையம்', பால்வினை நோய்க்கு 'சுகவாழ்வு மையம்' இருக்கின்றன. எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம். முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. லேகியத்துக்குப் பணம் கட்டுமுன் ஒருமுறை அங்கே போய்க் கேளுங்கள்.