நீதிமன்றம் தொடாத சம்பளத்தை வங்கி தொடலாமா?

நாவலூரிலிருந்து சிறுசேரி வரை பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் குடியிருக்கும் சம்பளக்காரர்கள் பலரின் வரவும் கடனும் ஒரே வங்கிக்குள் அடங்கிவிடுகின்றன. நிறுவனம் திறந்து தரும் சம்பளக் கணக்கும், அந்தக் கணக்கைக் காட்டியே அதே வங்கி வழங்கும் கடன் அட்டையும், சில வேளைகளில் ஒரு தனிநபர் கடனும் ஒரே வாடிக்கையாளர் எண்ணின்கீழ் சேர்ந்துவிடுவதால், அட்டைப் பாக்கி சில மாதங்கள் நிலுவையில் நின்றால் வங்கி வசூலுக்காக வேறெங்கும் போக வேண்டியதில்லை. மாதக் கடைசியில் சம்பளம் வந்து விழும் கணக்கு அதன் கையிலேயே இருக்கிறது. வேலை போனதாலோ மருத்துவச் செலவாலோ தவணை தவறிய குடும்பத்தில், வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் தண்ணீர் லாரிக்கும் என்று எண்ணியிருந்த தொகை, கணக்குக்கு உரியவரைக் கேட்காமலே அட்டைப் பாக்கிக்குச் சென்றுவிடுகிறது.

அப்படிப் பணம் குறைந்திருப்பதைக் கண்டவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது எந்த வழியில் குறைந்தது என்பதாகும். அட்டை வாங்கும்போது கையெழுத்திட்டோ செயலியில் ஒப்புக்கொண்டோ கொடுத்த ‘ஆட்டோ டெபிட்’ அனுமதியின்படி தொகை போயிருந்தால், அது வாடிக்கையாளரே இட்ட கட்டளை. எழுத்து மூலம் அந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். பணம் கணக்கிலேயே இருந்தும் எடுக்க முடியாதபடி நிறுத்திவைக்கப்பட்டிருந்தால், அது ‘லீன்’ எனப்படும் பற்றுரிமைக் குறிப்பு. தொகையே கணக்கிலிருந்து கழிக்கப்பட்டு அட்டைப் பாக்கியில் வரவு வைக்கப்பட்டிருந்தால், அது ‘செட் ஆஃப்’ என்னும் ஈடுசெய்யும் உரிமையின் பயன்பாடு. இந்த மூன்றுக்கும் சட்ட அடிப்படை வேறு, எதிர்க்கும் வழியும் வேறு என்பதால், எது நடந்தது என்பதைக் கிளையிலிருந்து எழுத்தில் பெறாமல் வாதத்தில் இறங்குவது பயன் தராது.

வங்கிகள் இதற்குப் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவை. மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, வங்கியர் உள்ளிட்ட சில தொழிலினர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை, மொத்தப் பாக்கி தீரும்வரை பிணையாக வைத்துக்கொள்ளலாம் என்று அப்பிரிவு கூறுகிறது. ஆனால் சேமிப்புக் கணக்கில் போட்ட பணம் ஒப்படைக்கப்பட்ட பொருள் அன்று. போட்ட கணமே அது வங்கியின் பணமாகி, வங்கி வாடிக்கையாளருக்குக் கடன்பட்டதாகிறது என்று இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை 1848-இல் ஃபோலி எதிர் ஹில் வழக்கில் வகுத்த கொள்கையே இந்தியாவிலும் வழங்குகிறது. எனவே அட்டைப் பாக்கிக்காகக் கணக்குப் பணத்தை எடுப்பது உண்மையில் இரு கடன்களை ஒன்றோடொன்று கழிப்பதாகும். இதற்கான வலுவை வங்கி பொதுச் சட்டக் கொள்கையிலிருந்தும், அட்டை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் இருக்கும் விதியிலிருந்தும் பெறுகிறது.

கழிப்பதற்கு நிபந்தனைகள் உண்டு. இரு கடன்களும் அதே இருவருக்கிடையே, அதே தகுதியில் நிற்க வேண்டும். பாக்கி உறுதியாகத் தெரிந்த, செலுத்தவேண்டிய நாள் வந்துவிட்ட தொகையாகவும் இருக்க வேண்டும். கணவர் பெயரில் மட்டும் உள்ள அட்டைப் பாக்கிக்கு, கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்துள்ள கூட்டுக் கணக்கிலிருந்து எடுப்பது, இருவரும் ஒப்புக்கொண்ட விதி ஏதும் இல்லாதபோது, இந்த நிபந்தனையை மீறுவதாகும். பிள்ளையின் பெயரில் காப்பாளராக இருந்து நடத்தும் கணக்கும் அவ்வாறே காப்பாளரின் சொந்தக் கடனுக்கு ஆளாகாது. இன்னொன்றும் கவனத்துக்குரியது: எஸ்.பி.ஐ. கார்டு, பாரத ஸ்டேட் வங்கியிலிருந்து வேறான தனி நிறுவனம். பேங்க் ஆஃப் பரோடாவின் பாப்கார்டும் அப்படியே. ஆகையால் அத்தகைய அட்டையின் பாக்கியைத் தாய் வங்கியின் சேமிப்புக் கணக்கில் கழிக்க, வாடிக்கையாளர் தந்த தனி ஒப்புதல் தேவை. அட்டையையும் கணக்கையும் ஒரே வங்கியே நேரடியாக நடத்தும் இடங்களில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

வங்கியின் பக்கமும் நீதிமன்ற ஆதரவு வலுவானது. சிண்டிகேட் வங்கி எதிர் விஜய்குமார் வழக்கில் வங்கியின் பற்றுரிமை பரந்தது என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டில் பஞ்சாப் நேஷனல் வங்கி எதிர் சுரேந்திர பிரசாத் சின்ஹா வழக்கில், காலவரம்புச் சட்டம் வழக்குத் தொடரும் வழியை மட்டுமே அடைக்கிறது, கடனை அழிப்பதில்லை என்று கூறி, காலவரம்பு கடந்த கடனுக்காகத் தன்னிடமிருந்த வைப்பை வங்கி ஈடுசெய்ததைக் குற்றமாகக் கருத மறுத்தது. மூன்று ஆண்டு கடந்துவிட்டதால் பழைய அட்டைப் பாக்கி செத்துவிட்டது என்று நம்பி, அதே வங்கியில் புதிய சம்பளக் கணக்கைத் திறப்பவர்கள் இந்தத் தீர்ப்பை அறிந்திருப்பது நல்லது.

இத்தனைக்குப் பின்னும் ஒரு பெரும் முரண் தீராமல் நிற்கிறது. அட்டைப் பாக்கிக்காக வங்கி உரிமையியல் நீதிமன்றத்துக்குச் சென்று, வென்று, தீர்ப்பாணையும் பெற்று, கடனாளியின் சம்பளத்தைப் பற்றுகை செய்ய வருகிறது என்று கொள்வோம். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவின்படி, ஜீவனாம்சம் தவிர்த்த மற்றத் தீர்ப்பாணைகளுக்கு, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் நீதிமன்றமே தொட முடியாது. மாதம் 60,000 ரூபாய் வாங்குபவரிடம் அந்தக் கணக்கில் சுமார் 19,667 ரூபாய்தான் பற்றுகைக்கு உட்படும். 40,333 ரூபாய் குடும்பத்துக்கு மிஞ்சும். வழக்கே போடாத வங்கியோ, ஈடுசெய்யும் உரிமை என்ற பெயரில் 60,000 ரூபாயையும் ஒரே இரவில் எடுத்துவிட முடிகிறது. இரு தரப்பையும் கேட்டு, கணக்கைச் சரிபார்த்துத் தீர்ப்பு வழங்கும் நீதிமன்றத்துக்கு இல்லாத அதிகாரம், தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கும் கடன் கொடுத்தவருக்கு இருப்பது எந்த நியாயத்தாலும் தாங்கத்தக்கதன்று.

ஓய்வூதியத்தில் இந்த முரணின் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் அடைத்திருக்கிறது. ராதேஷ்யாம் குப்தா எதிர் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில், ஓய்வுக்காலப் பணமும் பணிக்கொடையும் நிரந்தர வைப்பாக மாற்றப்பட்டாலும் தம் இயல்பை இழப்பதில்லை, அவற்றைப் பற்றுகை செய்ய முடியாது என்று 2008-இல் அது தீர்ப்பளித்தது. அது தீர்ப்பாணை நிறைவேற்றத்தைப் பற்றிய வழக்கு என்றாலும், தாம்பரத்திலோ மேடவாக்கத்திலோ ஓய்வூதியக் கணக்கில் லீன் போடப்பட்டவர் தம் முறையீட்டில் முதலில் எழுத வேண்டிய தீர்ப்பு அதுவே.

வேறு நாடுகள் அட்டைக் கடனை இப்படி விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டின் நியாயமான கடன் பட்டியல் சட்டம், அட்டை வழங்கிய வங்கி அட்டைப் பாக்கியைத் தன்னிடமுள்ள வாடிக்கையாளர் வைப்பிலிருந்து கழிப்பதையே தடுக்கிறது; குறித்த காலந்தோறும் எடுத்துக்கொள்ள வாடிக்கையாளர் முன்கூட்டி எழுதித் தந்திருந்தால் மட்டும் விலக்கு உண்டு. அங்கே அரை நூற்றாண்டாக இவ்விதி நடைமுறையில் இருந்தும் அட்டை வணிகம் நின்றுவிடவில்லை.

தமிழகத்துக்கும் இந்தக் கேள்வி புதியதன்று. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கிய சில நாட்களிலேயே, பெண்களின் கணக்கில் வந்த 1,000 ரூபாயைச் சில வங்கிகள் சேவைக் கட்டணங்களுக்குப் பிடித்துக்கொண்டதாகப் புகார் எழுந்தது. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளைக் கண்டித்ததோடு, 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் புகார் தரும்படி கூறினார். 2024 ஆகஸ்டில் வயநாட்டு நிலச்சரிவில் வீடிழந்தவர்களுக்குக் கேரள அரசு அனுப்பிய 10,000 ரூபாயிலிருந்து கேரள கிராமிய வங்கி கடன் தவணையைக் கழித்தபோது, மக்கள் போராடிய பிறகு பணம் திருப்பித் தரப்பட்டது. இரண்டு இடங்களிலும் எளியவரின் பணத்தைக் காத்தது அரசின் குரலும் தெருவின் குரலுமே. தனியாக நிற்கும் சம்பளக்காரருக்கு அந்தக் குரல் வாய்ப்பதில்லை.

ஆகவே அவர் தாமே எழுத வேண்டியிருக்கிறது. எந்த ஒப்பந்த விதியின்படி, எந்தத் தேதியில், எந்தப் பாக்கிக்காக எவ்வளவு எடுக்கப்பட்டது, முன்னறிவிப்பு எப்போது அனுப்பப்பட்டது என்று கேட்டு, கிளைக்கும் அட்டைப் பிரிவுக்கும் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். கடன் முடிந்து ஈட்டை விடுவிக்கும் தருணத்தில், வேறு பாக்கிக்காக ஈடுசெய்யும் உரிமையைப் பயன்படுத்தும் வங்கி முழு விவரத்துடன் அறிவிப்புத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை நெறிகள் கூறுகின்றன. அவ்விதி பிணைகளைப் பற்றியதுதான் என்றாலும், அதே நேர்மையைச் சம்பளக் கணக்குக்கும் கோருவது முறையே.

பாக்கித் தொகையையும் அப்படியே ஏற்கக் கூடாது. பல அட்டைகளில் வட்டி மாதம் மூன்றரை விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது, அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வட்டி நியாயமற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்துசெய்துவிட்டது. எனினும் ரிசர்வ் வங்கியின் அட்டை நெறிமுறைகள், செலுத்தப்படாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து வட்டி போடுவதைத் தடுக்கின்றன. பழைய பட்டியல்களைக் கேட்டு வாங்கி இந்த ஒன்றைச் சரிபார்த்தாலே போதும், வங்கியோடு பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

இதோடு, அடுத்த சம்பளம் கடன் இல்லாத வேறொரு வங்கிக்கு வரும்படி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம். இது கடனிலிருந்து தப்புவதாகாது, கடனைப் பேசித் தீர்க்கும் வரை அடுப்பெரியச் செய்யும் வழி. கூடவே, பாக்கியை இ.எம்.ஐ. ஆக மாற்றித் தரும்படி எழுத வேண்டும். குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ளும் ‘செட்டில்மென்ட்’ கடன் வரலாற்றில் பதிவாகி, பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது எதிரே வந்து நிற்கும் என்பதால் அதைக் கடைசியாகவே எண்ண வேண்டும்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் அதற்குரிய காலத்துக்குள் முறையிடலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண் உண்டு. அதே புகார் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் அதை எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால், முதலில் இவரிடம் செல்வதே நல்லது. அதன்பின் நுகர்வோர் ஆணையத்தை நாட வேண்டியிருந்தால், நாவலூர்வாசிக்கு உரியது செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் புகார்தாரர் தாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்கிட வழி செய்திருக்கிறது, அதற்கு இரண்டு ஆண்டு அவகாசமும் தந்திருக்கிறது. குறைதீர்ப்பாளரிடம் முறையிடக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.