சான்று யாருடையது? அங்கக வழங்கல் தொடரில் சிறு உழவர்களின் சந்தை அணுகல்

திறவுச்சொற்கள்: அங்ககச் சான்று, குழுச் சான்றளிப்பு, சிறு உழவர், சந்தை அணுகல், பொருளீட்டுக் கடன்

முன்னுரை

2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் வேளாண் கைப்பற்றுகளில் ஏறத்தாழ 86 விழுக்காடு இரண்டு ஹெக்டேருக்கும் குறைந்த பரப்புடையவை. நீடித்த வேளாண்மை பற்றிய உரையாடல்களில் இச்சிறு உழவர்களின் மண்வளமும் மரபு விதையும் இடுபொருள் செலவும் முன்னிற்கின்றன. விளைந்த பொருள் 'அங்ககப் பொருள்' என்னும் பெயரோடு சந்தைக்குள் நுழையும் உரிமை எவரிடம் உள்ளது என்ற வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அவ்வுரிமை சான்றில் அடங்கியுள்ளது. சான்று எவர் கையில் இருக்கிறதோ அவரே விலை பேசும் வலிமையையும் பெறுகிறார் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

குழுச் சான்றளிப்பின் அமைப்பு

இந்திய அங்ககப் பொருள்களின் ஏற்றுமதிக்கு அடிப்படையாக விளங்குவது 2001இல் தொடங்கப்பட்ட தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். வணிக அமைச்சகத்தின்கீழ் இயங்கும் அபீடா இதனை நடத்துகிறது. இதன்படி ஒரு நிலம் உடனடியாக அங்கக நிலமாகிவிடாது. ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகளும் மாற்றுக்காலமாகக் கழிய வேண்டும். அக்காலத்தில் உழவர் அங்கக முறையின் கட்டுப்பாடுகள் அனைத்தையும் ஏற்கிறார். விளைச்சல் குறைந்தால் அவ்விழப்பையும் ஏற்கிறார். விற்கும்போது மட்டும் அவருக்குக் கிடைப்பது சாதாரண விலை.

தனி உழவர் ஒருவரால் ஆய்வுக் கட்டணத்தையும் ஆவணப் பணியையும் தாங்குவது அரிது. ஆகவே குறைந்தது 25 பேரும் மிகுதியாக 500 பேரும் கொண்ட குழுக்களுக்கு ஒரே சான்று வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. ஒரு குழுவுக்கான கட்டணம் மாறாதிருப்பதாகக் கொண்டால், 500 பேர் கொண்ட குழுவில் தலைக்கு விழும் செலவு 25 பேர் குழுவில் விழுவதில் இருபதில் ஒரு பங்கு. இந்த எளிய கணக்கே குழுக்களைப் பெரிதாக்கியது. பெரிய குழுவைக் கட்டி நடத்த முதல் உடையவர் ஒருவர் தேவை என்ற நிலையையும் உருவாக்கியது.

குழுவின் உள்கட்டுப்பாட்டு முறையை நடத்தும் பொறுப்பை உழவர்களே ஏற்கலாம். தொண்டு நிறுவனமோ ஏற்றுமதியாளரோ ஏற்கவும் இடமிருந்தது. ஏற்றுமதியாளர் அப்பொறுப்பை ஏற்கும்போது, பயிர்நாட்குறிப்பு, நில வரைபடம், உள் ஆய்வறிக்கை ஆகியவை அவரிடம் சேர்கின்றன. சான்றுச் செலவை அவர் ஏற்பதால் சான்றும் அவர் வழியாகவே பயன்படுகிறது. சரக்கு கைமாறும்போது டிரேஸ்நெட் என்னும் மின்னணுப் பதிவேட்டின் வழியே பரிவர்த்தனைச் சான்று எழுதப்பட வேண்டும். குழு உறுப்பினர் ஒருவர் தம் மஞ்சளை மற்றொரு வணிகருக்கு விற்க நினைத்தால், அவர் பெயரில் அத்தகைய சான்று எழுத வழியில்லை. மூன்று ஆண்டு உழைப்பில் விளைந்த அதே மஞ்சள் வேலியைத் தாண்டியதும் சாதாரண மஞ்சளாகிவிடுகிறது. இதை மோசடி என்று சொல்ல இயலாது. விதிகளுக்கு உட்பட்டே நிகழ்வது இது. பல விற்பவர்களுக்கு எதிரே ஒரே ஒரு வாங்குபவர் நிற்கும் சந்தையை, தரத்தைக் காக்கவென்று வகுத்த விதியே உண்டாக்கிவிட்டது என்பதுதான் கவனத்திற்குரியது.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொன்று புவிசார் குறியீடு. 2019இல் ஈரோட்டு மஞ்சளுக்குக் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்தது மஞ்சள் வணிகர்கள் மற்றும் கிடங்கு உரிமையாளர்கள் சங்கம். குறியீட்டைப் பயன்படுத்த விரும்பும் உழவர் தம்மை அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். வணிகர்களின் முன்முயற்சியைக் குறை கூறுவது நோக்கமன்று. ஆவணம் எழுதத் தெரிந்த அமைப்பே உரிமையை முதலில் அடைகிறது என்பதையே இதுவும் காட்டுகிறது.

மாற்று வழிகளும் அவற்றின் எல்லையும்

வேளாண் அமைச்சகத்தின் பங்கேற்பு உறுதியளிப்புத் திட்டத்தில் அருகருகே உள்ள ஐந்து உழவர்களேனும் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்ந்து உறுதியளிக்கின்றனர். செலவு குறைவு, சான்றும் உழவரிடமே தங்குகிறது. ஆயினும் அது ஏற்றுமதிக்குச் செல்லாது. உள்நாட்டில், நுகர்வோருக்கு உழவர் நேரே விற்பதற்கு 2017ஆம் ஆண்டு அங்கக உணவு விதிகள் சான்றிலிருந்து விலக்கும் அளித்துள்ளன. கீரைக்கும் காய்கறிக்கும் இவ்வழி பொருந்தும். மஞ்சள், மிளகு போன்று தொலைவு செல்லும் சரக்குகளுக்குப் போதாது.

2022 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 ஒழுங்குவிதி, உழவர் குழு தனக்கென்று சட்ட ஆளுமை உடையதாக இருக்க வேண்டும் என்றும் உறுப்பினர் எண்ணிக்கை 2000ஐத் தாண்டக்கூடாது என்றும் வரையறுத்தது. 2025 சனவரியில் வெளியான தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் எட்டாம் பதிப்பும் உள்கட்டுப்பாட்டு முறையின் இடத்தில் உழவர் குழுக்களுக்குச் சட்டத் தகுதி அளித்தது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. குழு உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு பெற்றால் சான்று அதன் பெயரில் நிற்கும். வாங்குபவரை மாற்றும் உரிமையும் சட்டப்படி கிடைக்கும்.

சட்டப்படி என்பதே இங்கு முக்கியம். அறுவடை முடிந்ததும் உழவருக்குக் கூலி கொடுக்கவும் கடன் அடைக்கவும் பணம் வேண்டும். அந்நாளில் கையில் ரொக்கம் இல்லாத நிறுவனத்திடம் சான்று இருந்தும் சரக்கு வந்து சேராது. முன்பணம் கொடுத்தவரிடமே செல்லும். இக்குறையைப் போக்கவே ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பொருளீட்டுக் கடன் உள்ளது. விளைபொருளைக் கிடங்கில் இருப்பு வைத்து, அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கடனாகப் பெற்று, விலை ஏறும்போது விற்கலாம். மஞ்சள்போல இருப்புத் தாங்கும் பொருளுக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் அங்ககப் பொருள் மற்றப் பொருளோடு கலவாமல் தனியே வைக்கப்பட வேண்டும். பூச்சிகளுக்காகக் கிடங்குகளில் வழக்கமாக இடப்படும் அலுமினியம் பாஸ்பைடு நச்சுப்புகை அதன்மேல் படக்கூடாது. பொதுக் கிடங்கில் மூட்டையை இறக்கினால் கடன் கிடைக்கும், சான்று போய்விடும். இறக்காவிட்டால் சான்று நிற்கும், கடன் கிடைக்காது. அங்ககச் சரக்குக்கென ஒதுக்கப்பட்ட, நச்சுப்புகை இடப்படாத ஓர் அறை விற்பனைக்கூடத்தில் அமையும்வரை, எட்டாம் பதிப்பு வழங்கிய உரிமையைச் சிறு உழவர் அறுவடை மாதத்தில் பயன்படுத்துவது கடினம்.