வெந்நீரின் விலை

சிங்கப்பூரில் குளிர்காலம் கிடையாது. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. குழாயில் வரும் தண்ணீர்கூடப் பெரும்பாலும் 28 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். ஆனாலும், இங்குள்ள பெரும்பாலான வீடுகளின் குளியலறையில் ஒரு தண்ணீர்ச் சூடேற்றி பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம்.

மழை பெய்யும் விடியற்காலையில் பள்ளிக்குப் புறப்படும் மாணவர், மூட்டுவலியால் அவதியுறும் பாட்டி, பிறந்து சில மாதங்களே ஆன கைக்குழந்தை ஆகியோருக்கு வெந்நீர் ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. ஆகவே, வெந்நீரே வேண்டாம் என்று சொல்வது தீர்வாகாது. அதே வசதியைக் குறைந்த மின்சாரத்தில் பெற முடியுமா என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

வீட்டில் அதிக மின்சாரம் பயன்படுத்தும் சாதனங்கள் எவை என்று கேட்டால், குளிரூட்டி, குளிர்பதனப் பெட்டி என்று பலரும் சொல்வார்கள். தண்ணீர்ச் சூடேற்றியும் அந்த வரிசையில் இடம்பெறுகிறது என்பதைச் சிலரே அறிவர். நாளுக்குச் சில நிமிடங்கள் மட்டுமே இயங்கும் ஒரு சாதனம் எப்படி அந்த இடத்தைப் பிடித்தது?

தண்ணீரின் இயல்பு

ஒரே அளவு எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனிப் பாத்திரங்களில் ஊற்றி, ஒரே அளவு தீயில் வைத்துப் பாருங்கள். எண்ணெய் விரைவில் சூடாகிவிடும். தண்ணீர் சூடாக அதைவிடக் கூடுதல் நேரமாகும். ஒரு பொருளின் வெப்பநிலையை உயர்த்தத் தேவைப்படும் வெப்பம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். தண்ணீருக்கு அது மிகவும் அதிகம். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும்.

இதை ஒரு குளியலுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்திற்கு 5 லிட்டர் தண்ணீர் வரும் தூவாலைக் குழாயின்கீழ் ஒருவர் 10 நிமிடம் குளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பயன்படுத்தும் தண்ணீர் 50 லிட்டர். 28 டிகிரியில் இருக்கும் அந்தத் தண்ணீரை 37 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். 50, 9, 4.2 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 1,890 கிலோஜூல் வருகிறது. ஒரு கிலோவாட்-மணி மின்சாரம் என்பது 3,600 கிலோஜூலுக்குச் சமம். எனவே, அந்த ஒரு குளியலுக்கு அரை கிலோவாட்-மணிக்குச் சற்று அதிகமான மின்சாரம் செலவாகிறது.

இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால், 50 வாட் மின்விசிறி ஒன்றைப் பத்து மணி நேரம் ஓடவிட்டாலும் அரை கிலோவாட்-மணிதான் செலவாகும். அதாவது, நாம் இரவு முழுவதும் காற்று வாங்கிக்கொண்டு உறங்கப் பயன்படும் மின்சாரத்தைப் பத்தே நிமிடங்களில் குளித்து முடித்துவிடுகிறோம்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் ஒவ்வொருவரும் நாளுக்கு ஒருமுறை இப்படிக் குளித்தால், மாதத்திற்கு ஏறத்தாழ 63 கிலோவாட்-மணி செலவாகும். ஒரு கிலோவாட்-மணிக்கு 30 காசு என்று கொண்டால், அதன் கட்டணம் கிட்டத்தட்ட 19 வெள்ளி. காலையிலும் மாலையிலும் வெந்நீரில் குளித்தால் இத்தொகை இரு மடங்காகும்.

கட்டணம் மட்டுமே இதன் விலையன்று. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து உற்பத்தி செய்யப்படுகிறது. அந்த எரிவாயு முழுவதும் குழாய் வழியாகவோ கப்பல் மூலமாகவோ வெளிநாடுகளிலிருந்து வருகிறது. ஒரு கிலோவாட்-மணி மின்சாரம் உற்பத்தியாகும்போது சுமார் 0.4 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. மேலே கூறிய குடும்பத்தின் வெந்நீருக்காக மட்டும் மாதந்தோறும் 25 கிலோகிராம் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. 2050ஆம் ஆண்டுக்குள் நிகர கரிம வெளியீட்டைச் சுழியமாக்க உறுதிபூண்டுள்ள நம் நாட்டில், குளியலறையும் கவனிக்கப்பட வேண்டிய ஓர் இடமே.

உடனடிச் சூடேற்றியும் தொட்டிச் சூடேற்றியும்

நம் வீடுகளில் இருவகை மின்சாரச் சூடேற்றிகள் பரவலாகப் பயன்படுகின்றன.

முதலாவது, உடனடிச் சூடேற்றி. குளியலறைச் சுவரில் இருக்கும் சிறிய பெட்டி இது. தண்ணீர் இதன் வழியாகப் பாயும்போதே சூடாகிவிடும். குழாயை மூடியதும் மின்சாரம் நின்றுவிடும். பொதுவாக இதன் மின்திறன் 3 கிலோவாட் அளவில் இருக்கும். பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் குழாய்த் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருப்பதால், அங்கு இதே வேலைக்கு 8 முதல் 10 கிலோவாட் வரை திறன் தேவைப்படுகிறது. நம் நாட்டின் வெப்பமான பருவநிலை நமக்குத் தந்துள்ள சலுகை இது.

இரண்டாவது, தொட்டிச் சூடேற்றி. பொய்க்கூரைக்கு மேலே மறைவாக வைக்கப்பட்டிருக்கும் தொட்டியில், தண்ணீர் முன்கூட்டியே 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கப்படுகிறது. குளிக்கும்போது அதனுடன் குளிர்ந்த நீர் கலக்கப்படுகிறது. தண்ணீர் வேகமாக வரும். ஒரே தொட்டியிலிருந்து இரண்டு குளியலறைகளுக்கும் வெந்நீர் கிடைக்கும். ஆனால், தொட்டியில் இருக்கும் வெந்நீர் யாரும் பயன்படுத்தாதபோதும் சிறிது சிறிதாக ஆறிக்கொண்டே இருக்கும். ஆறிய வெப்பத்தை ஈடுசெய்ய அது மீண்டும் மீண்டும் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். வீட்டில் ஆளில்லாத நேரத்திலும் இந்தச் செலவு தொடரும்.

“அடிக்கடி அணைத்துப் போட்டால்தான் மின்சாரம் அதிகமாகும்; எப்போதும் போட்டே வைத்திருப்பது நல்லது” என்று சிலர் நம்புகின்றனர். இது சரியன்று. தண்ணீர் சூடாக இருக்கும் நேரம் நீள நீள, அது வெளியே இழக்கும் வெப்பமும் அதிகமாகும். குளிப்பதற்குச் சற்று முன்பு சூடேற்றியை முடுக்கி, தேவை முடிந்ததும் அணைத்துவிடுவதே சிக்கனம். எனினும், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தொட்டியின் வெப்பநிலையை மிகவும் குறைத்து வைக்கக்கூடாது. வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் நீரில் நோயை உண்டாக்கும் ‘லெஜியோனெல்லா’ பாக்டீரியா பெருகக்கூடும். 60 டிகிரி வெப்பம் அதை அழித்துவிடும்.

காற்றிலிருந்து வெப்பம்

மின்சாரத்தை நேரடியாக வெப்பமாக மாற்றும் எந்தச் சூடேற்றியும், ஒரு பங்கு மின்சாரத்திலிருந்து ஒரு பங்குக்கு மேல் வெப்பத்தைத் தர முடியாது. ஆனால், ‘ஹீட் பம்ப்’ எனப்படும் வெப்பப் பம்பு ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பத்தைத் தருகிறது. இது எப்படிச் சாத்தியம்?

குளிர்பதனப் பெட்டியின் பின்புறம் அல்லது பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளேயிருக்கும் உணவுப் பொருள்களின் வெப்பத்தை எடுத்து அது வெளியே தள்ளுகிறது. வெப்பப் பம்பும் இதே முறையில்தான் செயல்படுகிறது. அதனுள் இருக்கும் குளிர்பதனப் பொருள், சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. அந்த ஆவி அழுத்தப்படும்போது அதன் வெப்பநிலை மேலும் உயர்கிறது. பிறகு அந்த வெப்பம் தொட்டியில் இருக்கும் தண்ணீருக்கு மாற்றப்படுகிறது. மின்சாரம் இங்கு வெப்பத்தை உருவாக்குவதில்லை. ஓரிடத்தில் இருக்கும் வெப்பத்தை இன்னோரிடத்திற்குச் சுமந்து செல்லவே பயன்படுகிறது. காற்று எவ்வளவு வெப்பமாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பம்பின் வேலை எளிதாகும். ஆண்டு முழுவதும் புழுக்கமாக இருக்கும் நம் நாட்டுக்கு இது பொருத்தமான தொழில்நுட்பம்.

சூரிய ஒளியைக்கொண்டு தண்ணீரைச் சூடாக்கும் முறையும் உண்டு. மலேசியாவில் தரைவீடுகளின் கூரைமீது கருநிறத் தகடுகளையும் அவற்றின் மேல்பகுதியில் நீளமான தொட்டிகளையும் பார்த்திருப்பீர்கள். கதிரவனின் வெப்பம் தகட்டிலுள்ள நீரைச் சூடாக்க, சூடான நீர் மேலெழுந்து தொட்டியைச் சென்றடைகிறது. தொடர்ந்து மழை பெய்யும் நாள்களுக்காக மட்டும் மின்சாரச் சூடேற்றியும் அதில் இணைக்கப்பட்டிருக்கும்.

நம் வீட்டுக்கு எது ஏற்றது?

மிகப் புதிய தொழில்நுட்பமே எல்லா வீட்டுக்கும் சிறந்தது என்று முடிவுசெய்துவிடக் கூடாது. மூன்று குளியலறைகள் கொண்ட தரைவீட்டில் ஏழெட்டுப் பேர் வசிக்கலாம். அங்கு வெந்நீரின் தேவை அதிகம். தொட்டி வைக்கவும் இடம் உண்டு. அத்தகைய குடும்பத்திற்கு வெப்பப் பம்போ சூரியச் சூடேற்றியோ நல்ல தேர்வு. வாங்கும்போது விலை அதிகமாக இருந்தாலும், மாதந்தோறும் மிச்சமாகும் கட்டணம் அதைப் படிப்படியாக ஈடுசெய்யும்.

வீவக அடுக்குமாடி வீட்டில் நிலைமை வேறு. கூரை அந்தக் குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று. பெரிய தொட்டிக்கும் காற்றோட்டமுள்ள வெளிப்பகுதிக்கும் இடம் கிடைப்பது எளிதன்று. மூன்று நான்கு பேர் மட்டும் நாளுக்கு ஒருமுறை வெந்நீரில் குளிக்கும் இத்தகைய வீட்டில், நாள் முழுவதும் சூடாகிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியை அகற்றிவிட்டு உடனடிச் சூடேற்றி பொருத்துவதே நல்ல பலனைத் தரக்கூடும். எனவே, கடைக்குச் செல்வதற்கு முன் வீட்டில் எத்தனை பேர், எப்போது, எவ்வளவு வெந்நீர் பயன்படுத்துகிறோம் என்று குடும்பத்தினர் கூடிப் பேச வேண்டும்.

எந்த வகையாக இருந்தாலும் பாதுகாப்பில் சமரசம் கூடாது. தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடம் குளியலறை. உரிமம் பெற்ற மின்பணியாளரைக்கொண்டே சூடேற்றியைப் பொருத்த வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி முறையாக இயங்குகிறதா என்றும் சோதித்துக்கொள்ள வேண்டும். எரிவாயுச் சூடேற்றி பயன்படுத்தும் வீடுகளில் காற்றோட்டம் மிகவும் இன்றியமையாதது. எரிவாயு சரியாக எரியாவிட்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உருவாகும். அது உயிரையே பறித்துவிடும்.

புதிய கருவி வாங்காமலே சேமிக்கலாம்

சூடேற்றியை மாற்றும் முடிவைப் பெற்றோர்தாம் எடுப்பார்கள். ஆனால், மாணவர்கள் தாங்களே செய்யக்கூடிய மாற்றங்களும் உண்டு.

முதலில் ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். குளியலறைத் தூவாலைக் குழாயை ஒரு நிமிடம் திறந்து, வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடியுங்கள். பிறகு, ஒரு லிட்டர் புட்டியால் அதை அளந்து பாருங்கள். நிமிடத்திற்கு 9 லிட்டர் வந்தால், அதே வெப்பநிலையில் பத்து நிமிடம் குளிக்க 90 லிட்டர் தண்ணீரைச் சூடாக்க வேண்டியிருக்கும். நிமிடத்திற்கு 5 லிட்டர் மட்டுமே தரும் சிக்கனமான தூவாலைத் தலையை மாற்றினால், தண்ணீரும் அதைச் சூடாக்கும் மின்சாரமும் ஏறக்குறைய 44 விழுக்காடு குறையும். வாங்கும்போது, தண்ணீர்ச் சிக்கன அடையாளச் சீட்டில் ‘டிக்’ குறிகள் எத்தனை உள்ளன என்று பாருங்கள். குறிகள் கூடக்கூடச் சிக்கனமும் கூடும். அந்தச் செலவுக்கும் உதவி உண்டு. பருவநிலைக்கு உகந்த குடும்பங்கள் திட்டத்தின்கீழ், 2024ஆம் ஆண்டு முதல் வீவக குடும்பங்களுக்கு 300 வெள்ளி மதிப்புள்ள பற்றுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. சிக்கனமான தூவாலைத் தலைகளையும் அவற்றைக்கொண்டு வாங்கலாம்.

அடுத்து, நேரத்தைக் கவனியுங்கள். பத்து நிமிடக் குளியலை ஐந்து நிமிடமாகக் குறைத்தால் செலவு சரிபாதியாகும். சவர்க்காரம் தேய்க்கும்போது குழாயை மூடி வைக்கலாம். வெயில் கொளுத்தும் பிற்பகலில் திரும்பி வந்ததும் குழாய்த் தண்ணீரிலேயே குளிக்கலாம். நான்கு பேரும் ஐந்து நிமிடத்தில் குளித்து முடித்தால், முன்பு கண்ட குடும்பத்தின் 19 வெள்ளி, 10 வெள்ளிக்கும் கீழே இறங்கிவிடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

பாட்டியின் மூட்டுவலிக்குத் தேவைப்படும் வெந்நீரை யாரும் குறைக்க வேண்டியதில்லை. தேவையில்லாமல் ஓடும் வெந்நீரைக் குறைத்தாலே போதும். இம்மாதம் மின்கட்டண ரசீது வந்ததும், எத்தனை கிலோவாட்-மணி செலவாகியுள்ளது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்கூறிய மாற்றங்களை ஒரு மாதம் கடைப்பிடித்துவிட்டு, அடுத்த ரசீதுடன் அதை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் எவ்வளவு மிச்சமாகிறது என்பதை அந்த இரண்டு எண்களே காட்டிவிடும்.