ரேம் கூட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

புனே மாவட்டத்துத் தளேகாவ் 2022 செப்டம்பரில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. வேதாந்தாவும் ஃபாக்ஸ்கானும் சேர்ந்து 1.54 லட்சம் கோடி ரூபாயில் அமைக்கவிருந்த சிப் ஆலை இங்கேதான் வரும் என்று மகாராஷ்டிரம் நம்பியிருந்தது. ஒப்பந்தமோ குஜராத்தோடு கையெழுத்தானது. மறு ஆண்டு ஜூலையில் ஃபாக்ஸ்கான் விலகிக்கொள்ள, கூட்டும் கலைந்தது. ஒருவேளை அந்த ஆலை தளேகாவுக்கே வந்திருந்தாலும் நம் வீட்டுக் கணினியின் ரேம் விலை இறங்கியிருக்காது. அங்கே திட்டமிடப்பட்டவை டிஸ்ப்ளே திரைகளும் 28 நானோமீட்டர் வகைச் சிப்புகளும். ரேம் சிப் தனித் தொழில். உலகில் உற்பத்தியாகும் ரேம் சிப்புகளில் பத்தில் ஒன்பது பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்களிடமிருந்து வருகிறது. 2025 பிற்பகுதியில் அவை செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான உயர்வகை மெமரியின் பக்கம் திரும்பியதும், வீட்டுக் கணினிக்கான ரேம் தட்டுப்பாடாகி விலை மளமளவென்று ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த ‘குரூஷியல்’ வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்தது. தளேகாவிலிருந்து லோக்கல் ரயிலில் புனேக்குக் கடை தேடிப் போகிறவரானாலும் சரி, சென்னை ரிச்சி தெருவில் நிற்கிறவரானாலும் சரி, இந்த விலையில் நம் பேரம் செல்லாது. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: வாங்கத்தான் வேண்டுமா என்ற முடிவு. அந்த முடிவைக் கடைக்காரரோ விளம்பரமோ எடுக்கக் கூடாது, நம் கணினி காட்டும் எண்களே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கணினி மெதுவாக ஓடினால் “ரேம் போட்டுடுங்க சார்” என்பதே முதலில் வரும் யோசனை. மெதுவாவதற்குக் காரணங்கள் பல. ரேம் அவற்றில் ஒன்றுக்குத்தான் மருந்து. திறந்திருக்கும் நிரல்கள் கேட்கும் அளவுக்கு ரேமில் இடம் இல்லாதபோது, கணினி சிலவற்றை டிஸ்க்குக்கு மாற்றி வைக்கிறது. திரும்பத் தேவைப்படும்போது அங்கிருந்து எடுத்து வருகிறது. அடி விழுவது இந்தப் போக்குவரத்தில்தான். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு நூற்றில் ஒரு பங்கு நொடி ஆகும். கேட்பதற்கு இரண்டுமே அற்ப நேரம். ஆனால் ரேமுக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நாளைத் தாண்டி மூன்றே முக்கால் மணி நேரம். எஸ்எஸ்டிக்கு ஏறக்குறைய பதினேழு நிமிடம். 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினியில் பிரவுசரில் பத்து டேப் திறந்ததும் மவுஸ்கூட நகர மறுப்பது இதனால்தான். இடம் போதுமாக இருக்கும் கணினியில் இந்தப் போக்குவரத்தே அநேகமாக இல்லை. அங்கே இன்னொரு 8 ஜிபியைச் செருகினால் அது சும்மா கிடக்கும்.

ஆகவே அளந்து பார்க்க வேண்டும். செலவில்லாத வேலை. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் திறக்கலாம். கணினியை அப்போதுதான் போட்டுவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. புனேயின் ஐடி பகுதியான ஹிஞ்சவடி அலுவலகத்து வேலையை வீட்டிலிருந்து செய்கிறவர் வீடியோ கூட்டமும் எக்செல்லும் பிரவுசரும் ஒன்றாக ஓடும் நேரத்தில் பார்க்க வேண்டும். பொறியியல் மாணவர் புராஜெக்ட் மென்பொருள் ஓடும்போது பார்க்க வேண்டும். பயன்பாடு 90 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறதா, ‘கமிட்டட்’ என்ற இடத்தின் முதல் எண் பொருத்தியிருக்கும் ரேமின் அளவைத் தாண்டுகிறதா, ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது டிஸ்க் 100 சதவீதத்துக்கு எகிறுகிறதா? மூன்றும் சேர்ந்து தெரிந்தால் குறை ரேமில்தான். மேக் வைத்திருப்பவருக்கு ஆக்டிவிட்டி மானிட்டரில் ‘மெமரி பிரஷர்’ வரைபடத்தின் நிறமே சொல்லிவிடும்: பச்சை என்றால் பர்சைத் திறக்க வேண்டாம்.

“ஒன்றுமே திறக்காதபோதும் பாதி ரேம் போய்விடுகிறதே” என்பார்கள். அது கோளாறல்ல. அடிக்கடி பயன்படும் நிரல்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கும் பழக்கம் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே உண்டு. வேறு நிரல் கேட்டால் அந்த இடம் உடனே விட்டுக்கொடுக்கப்படும். காலி ரேம் யாருக்கும் உதவாத ரேம். எதிர்ப்பக்கத்திலும் ஒரு வாதம் வரும்: விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறதே? அது நிறுவி இயக்குவதற்கான கீழ் வரம்பு. வேலை பார்ப்பதற்கான அளவல்ல. தமிழ்நாடு அரசு இப்போது கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கும் மடிக்கணினிகளில் 8 ஜிபி இருக்கிறது. இன்றைய வீட்டுத் தேவைக்கு நியாயமான அடித்தளம் அதுதான் என்று நினைக்கிறேன்.

“விலை இன்னும் ஏறும், இப்போதே வாங்கி வைத்தால் என்ன?” என்ற கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது. 4 ஜிபியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர் ஏறிய விலையிலும் 8 ஆக்கிக்கொள்வதே சரி. இழக்கும் நேரத்துக்கும் விலை உண்டு. 8 ஜிபிக்காரருக்கு அளவீடு பதில் சொல்லட்டும். ஒரே ஒரு 8 ஜிபி தகடு இருந்து, பக்கத்து ஸ்லாட் காலியாக இருந்தால் இரண்டாவதைப் போடுவதில் கூடுதல் லாபம் உண்டு: இரு வழியாகத் தகவல் போவதால், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் படமும் விளையாட்டும் சீராகும். ஆனால் 16 ஜிபியே நிரம்பாதவர் பிற்காலத்துக்கென்று 32 வாங்கி வைப்பதை நான் ஏற்க மாட்டேன். அடுத்த கணினிக்கு அந்தத் தகடு பொருந்தும் என்று உறுதியில்லை. டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது. வீடியோ எடிட் செய்கிறவர், ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுகிறவர் கணக்கு வேறு.

தேவை உறுதியான பிறகும் மூடியைக் கழற்றாமல் பணத்தைக் கட்டிவிடக் கூடாது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. 2020-க்குப் பின் வந்த ஆப்பிள் மேக்புக்குகளில் கூட்டவே வழியில்லை. அப்படிப்பட்டதை வாங்குகிறவர் ரேம் முடிவை வாங்கும் அன்றே எடுத்தாக வேண்டும். என் கணக்கில் விதிவிலக்கு இது ஒன்றுதான், அங்கே தேவைக்கு ஒரு படி மேலே போவது புத்திசாலித்தனம். பழைய கணினியில் 32-பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் அது பயன்படுத்தாது.

பரணில் ஏறக் காத்திருக்கும் பழைய கணினிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இவற்றில் இன்றைய விலைக்கு ரேம் வாங்கிப் போட்டாலும் அந்தத் தடை நீங்காது. அதைவிட, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, லினக்ஸை நிறுவிப் பார்க்கலாம். இருக்கிற 4 ஜிபியிலேயே பிள்ளைகளின் படிப்புக்கும் மின்கட்டணம் கட்டுவதற்கும் அது இன்னும் சில வருடம் உழைக்கும்.